மச்சாடோ அண்ணன் குதிச்ச ஞாயிற்றுக்கிழமை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல, முத்தையாபுரம் தாண்டினதும் கடல் பக்கமா விரிஞ்சு கிடக்கே உப்பளம், அங்க மாசி மாசத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில எங்க மச்சாடோ அண்ணன் குதிச்சாரு, குதிச்சவரு ஐப்பசி வரைக்கும் இறங்கலை. இதை வெளியூர்க்காரங்கட்ட சொன்னா, "அதெப்படி?"ன்னு கேக்காங்க. எங்க ஊர்க்காரங்க கேட்டது, "அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு?" எனக்குப் பதில் தெரிஞ்சது அந்த ரெண்டாவது கேள்விக்குத்தான், அதனால அதைச் சொல்லுதேன்.

முதல்ல நாங்க யாருன்னு சொல்லிருதேன். எனக்குப் பேரு ஞானராஜ், பேக்கரி வச்சிருக்கேன், மக்ரூன்தான் நமக்கு விசேஷம். கோமதிநாயகம் சார் பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு லென்ஸைத் தோள்ல தூக்கி வச்சா உப்பளத்துல வேலை பாக்கிறவங்க "பீரங்கி வந்துட்டு"ம்பாங்க. செய்யது பாய் பஜார்ல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காரு, கண்ணாடின்னா தனக்குத்தான் தெரியும்ங்கிற நெனப்பு அவருக்கு உண்டு. மச்சாடோ அண்ணன் ஷிப்பிங் ஆபீஸ்ல கிளார்க்கு. நாங்க நாலு பேரும் ஞாயிறு விடிஞ்சா போதும், பொண்டாட்டி பிள்ளைக கோயிலுக்குப் போணும், பள்ளிவாசலுக்குப் போணும், மீன் வாங்கணும்னு எது சொன்னாலும் காதுல ஏறாம, பூநாரை பாக்கப் போறோம்னு கேமராவைத் தூக்கிட்டு உப்பளத்துக்கு வந்துருவோம். பூநாரை வந்தா பூநாரையை எடுப்போம், வரலைன்னா யாரு கேமரா நல்ல கேமரான்னு சண்டை போடுவோம், உண்மையைச் சொன்னா பூநாரை வந்த நாளைவிட வராத நாள்தான் எங்களுக்கு ருசியா இருக்கும்.

கோமதிநாயகம் சார் லென்ஸ் சிவப்பு வளையம் போட்டது. நான் அதுக்கு எதிர்க் கம்பெனி, மஞ்சள் பட்டைக் கட்சி. செய்யது பாய் ரெண்டையும் வித்துட்டு, உள்ள கண்ணாடியே இல்லாத புது மாடல் கேமராவுக்கு மாறினவரு. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்ணாடி இல்லாத கேமரா எதுக்குவேன்னு நாங்க ஓட்டுவோம். மச்சாடோ அண்ணன் எந்தக் கட்சியும் கிடையாது. பழைய கேமரா, கீறல் விழுந்த லென்ஸ், அதை வச்சே எங்களைவிட நல்லா எடுப்பாரு, எடுத்துட்டு "எல்லாம் வெளிச்சம்தாம்டே"ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. சண்டை முத்துனா விலக்கி விடுறதும் அவருதான். அண்ணன் கூடவே பிலோமி மதினியும் வருவாங்க, வரப்புல பாய் விரிச்சு உக்காந்து ஃபிளாஸ்க்ல டீ ஊத்திக் குடுப்பாங்க, நாங்க பேசுறதைக் கேட்டு, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போதுகூட இவ்வளவு விசாரிக்கலையே நீங்க"ம்பாங்க.

அன்னைக்குச் சண்டை ஷட்டரைப் பத்தி. ஓடுறதை, பறக்குறதை அப்படியே உறைய வைக்கிறதுக்கு ஷட்டர் வேகம் வேணும். ஒரு நொடியை எட்டாயிரம் துண்டா நறுக்கி அதுல ஒரே ஒரு துண்டை எடுக்கிற கேமரா எங்க மூணு பேர்ட்டயும் இருக்கு, ஆனா யாரோடது சொன்னபடி நறுக்குதுங்கிறதுதான் கேள்வி. பூநாரைக ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு எங்களைச் சட்டை பண்ணலை. பறந்தாத்தானே சோதிக்க முடியும்? செய்யது பாய் கையைத் தட்டினாரு, சார் அவரைத் திட்டினாரு, பறவையைக் கலைக்கிறவன் போட்டோகிராபரான்னு கேட்டாரு, பாய்க்கு முகம் சிவந்துட்டு. அப்பத்தான் மச்சாடோ அண்ணன் தன் கேமராவைக் கழட்டிப் பாயில வச்சுட்டு, கைலியை மடிச்சுக் கட்டி, "ஏல, நான் குதிக்கேன், எடுத்துத் தொலைங்க"ன்னு பாத்திக்கு நடுவுல போய் நின்னாரு.

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சார்தான் எண்ணினாரு. மூணு கேமராவும் ஒரே சத்தமா அடிச்சுது.

நாங்க மூணு பேரும் உடனே என்ன பண்ணோம் தெரியுமா? கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரீனைப் பாத்தோம். பெருசாக்கிப் பாத்தோம். "சட்டைப் பட்டன்ல நூல் தெரியுது பாரும்"ன்னேன் நான். "எனக்கு மீசையை ஒவ்வொரு மயிரா எண்ணலாம்"னாரு பாய். "ஓரத்தைப் பாருங்கய்யா, ஓரத்துலயும் ஷார்ப்பா இருக்கணும், அதுதான் லென்ஸ்"னாரு சார். ரெண்டு கையும் விரிஞ்சு, ஒரு முழங்கால் மடங்கி, கீழ தண்ணியில அதே அண்ணன் தலைகீழா, பின்னால மங்கலா ரோஸ் கலர்ல பூநாரைக் கூட்டம், இப்படி ஒரு படம் எங்க யாருக்கும் ஜென்மத்துல கிடைச்சதில்லை. நாங்க மூணு தலையும் முட்டிக்கிட்டு நிக்கும்போது மதினி கத்துனாங்க. "யேய், உங்க கேமராவுல இடி விழ! மனுஷன் இன்னும் இறங்கலைடா!"

நிமிந்து பாத்தா, அண்ணன் குதிச்சது என்னவோ ஒரு சாண்தான், நின்னது என் இடுப்பு உயரத்துல. கையும் காலும் படத்துல இருக்கிற மாதிரியே நின்னுபோச்சு. கழுத்து திரும்புது, வாய் பேசுது, விரல் அசையுது. "படம் நல்லா வந்துருக்கா?"ன்னு கேட்டாரு, அவரும் எங்க ஆளுதானே.

இழுத்துப் பாத்தோம், வரலை. தீயணைப்பு வண்டி வந்துது, ஏணி வச்சு நாலு பேரு தொங்கிப் பாத்தாங்க, அவரு ஒரு நூல் அசையலை, அவங்கதான் உப்புத் தண்ணியில விழுந்தாங்க. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிட்டு, இது ஆண்டவர் செஞ்ச புதுமையா இல்லையான்னு தான் முடிவு பண்ண முடியாது, மேல எழுதிக் கேக்கணும்னுட்டுப் போனாரு. முதல் வாரம் கூட்டம்னா கூட்டம், சுண்டல்காரர், ஐஸ் வண்டி, பலூன்காரர் எல்லாம் வந்தாச்சு. ரெண்டாவது வாரம் சுண்டல்காரர் வரலை. ஊருன்னா அப்படித்தான், எதையும் ரொம்ப நாள் அதிசயமா வச்சுக்கிட்டு இருக்க அதுக்கு நேரம் கிடையாது, பொழப்பு இருக்கு.

அப்புறம் அவரு அங்க நிக்கிறது எல்லாருக்கும் சௌகரியமா ஆகிப்போச்சு. உப்பு வாருற பொம்பளைகளுக்கு மேஸ்திரியா இருந்த மாரிக்கனி, அந்தப் பக்கம் ஒரு மரம் மட்டை கிடையாதே, தூக்குவாளியை நாய் தொடாம எங்க மாட்டுறதுன்னு பாத்து, அண்ணனோட மடங்கின கால்ல மாட்டினா. "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய"ன்னா. "மாட்டு தாயி, சும்மாதானே நிக்கேன்"னாரு அவரு. அவரு நிழல் காலுக்கு நேர் கீழ வந்தா சாப்பாட்டு நேரம்னு அவளுக கணக்கு. டவுன் பஸ் கண்டக்டர் "அந்தரத்தார் ஸ்டாப்பெல்லாம் இறங்கு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. ஷிப்பிங் ஆபீஸ்ல இது லீவா டூட்டியான்னு ஒரு வாரம் குழம்பிட்டு, கடைசியில வெளிவேலைன்னு போட்டுட்டு, கையெழுத்து வேண்டிய பேப்பரையெல்லாம் பைக்ல குடுத்து விட்டாங்க. விரலுக்கு நடுவுல பேனாவைச் சொருகினா போட்டுருவாரு. சாப்பாடு மதினி கொண்டு வந்து, ஒரு ஸ்டூல் போட்டு ஏறி ஊட்டி விடுவாங்க, காலையில இட்லி, மதியம் மீன் குழம்பு, ராவுக்கு என் கடை பன்னு. மத்த விஷயத்தைக் கேக்காதீங்க, அதுக்கும் தார்ப்பாய் கட்டி வழி பண்ணியாச்சு.

நாங்க? நாங்க வழக்கம்போல ஞாயிறு ஞாயிறு போனோம். அவருக்குக் கீழ பாய் விரிச்சு உக்காந்து, லென்ஸ்ல வெளிச்சம் புகுற அப்பர்ச்சரைத் திறந்து வச்சு எடுத்தா நல்லதா மூடி எடுத்தா நல்லதான்னு மண்டையை உடைச்சுக்குவோம், அவரு மேலேருந்து தீர்ப்புச் சொல்லுவாரு. பூநாரைக அவரை ஒரு கம்பம்னு நெனச்சுப் பக்கத்துல வந்து மேய ஆரம்பிச்சதுல எங்களுக்கு அந்த வருஷம் கிடைச்ச படம் மாதிரி எந்த வருஷமும் கிடைச்சதில்லை. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், நாங்க சந்தோஷமா இருந்தோம். கோமதிநாயகம் சாரோட படம் எங்கயோ வெளிநாட்டுப் போட்டியில பரிசு வாங்கிட்டு. அவரு அதைச் சுவர் அளவுக்குப் பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டி, வாரவங்க போறவங்களையெல்லாம் கிட்ட கூப்பிட்டு மீசையைக் காட்டுவாரு.

பிலோமி மதினிதான் நாளைக்கு நாள் மெலிஞ்சாங்க. அவங்களுக்கு மழைக் கவலை. ஐப்பசி பிறந்தா உப்பளத்துல ஈ காக்கா இருக்காது, பாத்தியெல்லாம் முங்கும், கண்ணுக்கு எட்டின தூரம் சமதரையில எது உசரமா நிக்கோ அது மேலதான் இடி இறங்கும். போன வருஷம் அங்க நின்ன ஒத்தைப் பனை கரிக்கட்டையாப் போனதை எல்லாரும் பாத்தோம். "மழைக்கு முன்னால அவரை இறக்கிக் குடுங்க தம்பி"ன்னு மதினி என் கடைக்கு வந்து கேக்கும்போது எனக்கு மாவு பிசையக் கை வராது. என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே?

வழி தெரிஞ்சது ஆவணியில, அதுவும் ஒரு மடத்தனத்தால. செய்யது பாய் மச்சினன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற அவசரத்துல, பழைய மெமரி கார்டை எடுத்துப் போட்டு, என்ன இருக்குன்னு பாக்காம ஃபார்மட் பண்ணிட்டாரு. பண்ணின பிறகுதான் தெரியுது, அண்ணன் குதிச்ச படம் அந்தக் கார்டுலதான் இருந்துருக்கு, வேற எங்கயும் ஏத்தி வைக்கலை. தலையில அடிச்சுக்கிட்டு எனக்குப் போன் போட்டு அழுதாரு மனுஷன். நான் ஆறுதல் சொல்லிட்டு இருக்கும்போதே மாரிக்கனிட்ட இருந்து இன்னொரு போன் வருது. "அண்ணாச்சி, மச்சாடோ அண்ணாச்சி டபக்குன்னு ஒரு சாண் இறங்கிட்டாவ! தூக்குவாளி விழுந்து எங்க சோறெல்லாம் மண்ணாப் போச்சு!"

அப்பத்தான் எங்க மரமண்டைக்கு உறைச்சுது. ஊரு பூரா அவரை எடுத்த படம் நின்னவரை எடுத்தது. குதிச்சவரை எடுத்தது எங்க கேமரா மட்டும்தான், அந்தப் படம் இருக்கிற வரைக்கும் அவரு அந்த நேரத்துலயே மாட்டிக்கிட்டு இருக்காரு. பேப்பர்ல வந்ததைக் கிழிச்சுப் பாத்தோம், வாட்ஸ்அப்ல சுத்துனதை அழிக்கச் சொன்னோம், ஒண்ணும் அசையலை. கேமராவுல இருந்து வந்த மூலப்படம் போகணும், அது போனா ஒரு சாண்.

போட்டோ எடுக்கிறவனுக்குத்தான் தெரியும், அழிக்கிறது என்னன்னு. மங்கிப்போனது, கண்ணு மூடினது, தலை வெட்டுப்பட்டதுன்னு ஆயிரக்கணக்குல வச்சிருப்போம், ஒண்ணை அழிக்க மனசு வராது. நான் என் படத்தை அன்னைக்குச் சாயங்காலம் கடைசியா ஒருதரம் பட்டன்நூல் வரைக்கும் பெருசாக்கிப் பாத்துட்டு, கண்ணை மூடிக்கிட்டு அழிச்சேன். அண்ணன் இன்னும் ஒரு சாண் இறங்கினாரு.

கோமதிநாயகம் சார் முடியாதுன்னுட்டாரு. "ஞானராஜ், நான் முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவன் காசை எண்ணினேன், எனக்குன்னு இந்த ஒண்ணுதான் இருக்கு, நீரு என்ன இப்படிக் கேக்கீரு?"ன்னாரு. மறுபடி மதினியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மதினி ஹால்ல அந்தப் படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க.

"படம் நல்லா இருக்கு அண்ணாச்சி"ன்னாங்க. "ஆனா எனக்கு அவரு குறட்டை கேக்காம உறக்கம் வரமாட்டேங்கு. படத்துக்குக் குறட்டை கிடையாதே, நான் என்ன செய்ய?"

சார் எழுந்திரிச்சுக் கம்ப்யூட்டரைத் திறந்தாரு. "பிரிண்ட் போட்டதை அழிச்சுட்டு, ரா ஃபைலை மட்டும் வச்சுக்கிடட்டுமாம்மா?"ன்னு பிள்ளை மாதிரி கேட்டாரு.

"அது என்ன ரா ஃபைலு?"

"ஒரிஜினல்."

"நான் கேக்கதும் ஒரிஜினலைத்தான் அண்ணாச்சி."

அழிச்சாரு. ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு, கார்டுல ஒண்ணு, பேங்க் லாக்கர்ல வச்சிருந்த பென்டிரைவ்ல ஒண்ணு, எல்லாத்தையும் அழிச்சு, ஹால்ல மாட்டின பிரிண்டையும் கிழிச்சுட்டுத் துண்டை வாயில பொத்திக்கிட்டாரு. எனக்கு அன்னைக்கு அவரு மேல வந்த பிரியம் அதுக்கு முன்னால வந்ததில்லை. எல்லாரும் உப்பளத்துக்கு ஓடினோம்.

அண்ணன் இன்னும் ஒரு சாண் உசரத்துல நிக்காரு.

பாயை முறைச்சோம், என்னை முறைச்சாங்க, சாரோட வீட்டு அலமாரியெல்லாம் கொட்டிப் பாத்தோம். ஒளிச்சு வச்சிருக்கீருன்னு ஒருத்தரை ஒருத்தர் சொல்லி, சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போயிட்டு. அப்ப மதினி மெதுவா, "என் மொபைல்லயும் ஒண்ணு இருக்கு. சார் மூணுன்னதும் அவரு எழும்பினாருல்லா, நீங்க அமுக்குறதுக்கு ஒரு கண்சிமிட்டு முந்தி நான் அமுக்கிட்டேன்"ன்னாங்க. நாங்க மூணு பேரும் சிரிச்சோம். சண்டையெல்லாம் மறந்து ஒத்துமையாச் சிரிச்சோம். "மதினி, மொபைல்ல எடுக்கிறதெல்லாம் படமா? உள்ள இருக்கிற சென்சாரே மிளகு அளவுதான்"ன்னேன் நான். "அதுல ஷட்டரே சத்தம் போடுற பொம்மைதான்மா"ன்னு சார் விளக்கினாரு. மதினி மொபைலைப் பர்ஸுக்குள்ள வச்சுக்கிட்டாங்க. அவங்க முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது, எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியலை.

ஐப்பசி பிறந்து நாலாம் நாளு மத்தியானம் வானம் கறுத்துது. மாரிக்கனி ஆளுக குவிச்சு வச்ச உப்பு அம்பாரத்தையெல்லாம் ஓலையால மூடிட்டு ரோட்டுக்கு ஓடுதாளுக, "அண்ணாச்சியை விட்டுட்டுப் போறோமே"ன்னு அழுதுக்கிட்டே ஓடுதாளுக. நாங்க மூணு பேரும் என் கடை வேன்ல போய்ச் சேரும்போது மழை சாத்துது, பாத்தியும் வரப்பும் ஒண்ணாக் கிடக்கு, நடுவுல அண்ணன் கையை விரிச்சுக்கிட்டு நிக்காரு, மதினி அவரு தலைக்குக் குடை பிடிச்சுக்கிட்டுத் தான் நனைஞ்சுக்கிட்டு நிக்காங்க. "போ பிலோமி, போயிரு"ன்னு அவரு கெஞ்சுதாரு, மதினி அசையலை. பக்கத்துப் பாத்தி அம்பாரத்துல ஒரு மின்னல் இறங்கிச்சு பாருங்க, எனக்குக் காது அடைச்சு, கண்ணு இருண்டு, திரும்ப வெளிச்சம் வந்தப்ப உப்பு புகைஞ்சுக்கிட்டு இருக்கு. அடுத்தது யாருன்னு அந்த வானத்துக்கே தெரியும்.

"மதினி, அந்த மொபைல் படத்தை அழிங்க!" நான் கத்தினேன். நாங்க நக்கல் அடிச்சது அப்பத்தான் என் மண்டையில அடிச்சுது.

மதினி பர்ஸை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டாங்க. "நீங்கதானே அது படமே இல்லைன்னிய?"

"தப்பு மதினி. நாங்க முட்டாப்பயலுக. அழிங்க."

"மாட்டேன் தம்பி." மழையோட மழையா அவங்க அழுதது எங்களுக்குத் தெரிஞ்சுது. "நீங்க எடுத்ததுல அவரு உங்க கேமராவைப் பாக்காரு. இதுல என்னைப் பாத்துச் சிரிக்காரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஊருல இருக்கிற காக்கா குருவியெல்லாம் எடுத்தாரு, அவரை எடுக்க ஒருத்தரும் இல்லை. எங்க கல்யாண ஆல்பத்துலகூட அவரு ஃபிளாஷைப் பாத்துட்டு நிக்காரு. இது ஒண்ணுதான். இதையும் அழிச்சுட்டு நான் எதைப் பாக்க?"

சாமி, எந்தக் கேமராவை வச்சு அதுக்குப் பதில் சொல்ல?

மச்சாடோ அண்ணன்தான், "காட்டு பிலோமி, பாப்போம்"ன்னாரு.

மதினி குடைக்குள்ள மொபைலைப் பிடிச்சு அவரு கண்ணுக்கு நேரா நீட்டுனாங்க. நாங்களும் எட்டிப் பாத்தோம். ஆடிப்போன படம், ஓரத்துல மதினி விரல் விழுந்து பாதி மறைச்சிருக்கு, பூநாரை ஒண்ணுகூடத் தெரியலை. நடுவுல மங்கலா ஒரு மனுஷன், வாயெல்லாம் பல்லா, வேற யாரும் இல்லாத மாதிரி ஒரே பக்கம் பாத்துச் சிரிக்கான். எங்க படத்துல எண்ணின மீசையில எங்களுக்கு இது தெரியலையே.

அண்ணன் கண்ணைச் சுருக்கி உத்துப் பாத்தாரு. "சாய்ஞ்சிருக்கு"ன்னாரு.

"சாய்ஞ்சா சாயட்டும்"னாங்க மதினி கோவமா.

"நல்லா இருக்கு பிலோமி. நான் எடுத்ததுலயே இப்படி ஒண்ணு இல்லை." மூக்கை உறிஞ்சினாரு. "அழிச்சுரு. கீழ வந்து சிரிக்கேன்."

மதினி அவரு முகத்தைப் பாத்தாங்க, மொபைலைப் பாத்தாங்க, முந்தானையால ஸ்க்ரீனைத் துடைச்சாங்க, துடைக்கத் துடைக்க மழை விழுது. நிச்சயமா அழிக்கணுமான்னு அது திருப்பிக் கேக்கு, "ஆமா, ஆமா"ன்னு அதுக்கு வாயாலயே பதில் சொல்லிட்டு அமுக்குனாங்க.

அண்ணன் தொப்புன்னு விழுந்தாரு. காலு ரெண்டும் மரத்துப்போய், நிக்க முடியாம உப்புத் தண்ணியில முட்டி போட்டு, "ஐயோ எம்மா, காலு, காலு"ன்னு அலறுதாரு. நாங்க மூணு பேரும் கக்கத்துல கை குடுத்துத் தூக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் தேய்ச்சு விட்டு, இடி இடிக்க இடிக்க வேன் வரைக்கும் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து சேத்தோம். மதினி குடையை மடக்கி வச்சுட்டு அவருக்கு எதிர்க்க வந்து நின்னாங்க.

"சிரிக்கேன்னு சொன்னிய."

"இரு பிலோமி, வலி உயிரு போகுது."

"இருக்கேன்."

கோமதிநாயகம் சாருக்குக் கை தன்னால கழுத்துக்குப் போச்சு, அங்கதானே கேமரா தொங்கும், நானும் பாத்தேன், பாயும் பாத்தாரு. சார் கையை எடுத்துட்டாரு. யாரும் யாருக்கும் சொல்லலை, நாங்க மூணு பேரும் வேனுக்கு அந்தப் பக்கமாத் திரும்பிக் கடலைப் பாத்து நின்னோம், மழையில கடலே தெரியலை, ஆனாலும் பாத்துக்கிட்டு நின்னோம். அதனால அண்ணன் எப்படிச் சிரிச்சாருன்னு என்கிட்ட கேக்காதீங்க. முதுகுக்குப் பின்னால ரொம்ப நேரம் மழைச் சத்தம்தான் கேட்டுது, அப்புறம் மதினி குரல் வந்துது.

"ம். இதான். சரி, ஏறுங்க வண்டியில, வீட்டுக்குப் போவோம்."